உமிக்கரியும் குரோமிய நீரும்

பல்லாவரத்தில் பேருந்து ஏறிக் குன்றத்தூருக்குச் செல்பவர்கள் பம்மலையும் அனகாபுத்தூரையும் கடந்து, அடையாற்றைத் தாண்டிப் போகிறார்கள். ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் இந்தச் சிறு பயணத்தின் இரு முனைகளிலும் இரு வேறு உலகங்கள் இருந்தன. ஒரு முனையில் செம்பரம்பாக்கம் ஏரியின் அருகே நெல் விளைந்த குன்றத்தூர்; சேக்கிழார் பிறந்த ஊர். மறு முனையில் நாகல்கேணி, பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை எனத் தோல் பதனிடும் தொழில் வேரூன்றிய ஊர்கள். நெல் விளையும் பக்கத்தில் உமி மிஞ்சும். தோல் பதனிடும் பக்கத்தில் குரோமியம் கலந்த நீர் மிஞ்சும். ஒன்றின் கழிவைக் கொண்டு மற்றொன்றின் கழிவைத் துப்புரவு செய்ய முடியுமா? நம் நாட்டு வேதியியல் ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அது கரியின் வரலாறும் குரோமியத்தின் வரலாறும் சேர்ந்த கதை.

ஊர்ப் பெயரில் ஒரு தனிமம்

ஒரு தனிமத்தின் பெயரைத் தாங்கிய புகைவண்டி நிலையங்கள் உலகில் அதிகம் இரா. குரோம்பேட்டை அவற்றுள் ஒன்று. 1797-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலறிஞர் வாக்குலன் கண்டுபிடித்த குரோமியம் என்னும் உலோகம் சென்னையின் தென்புறத்து ஊர் ஒன்றுக்குப் பெயராக வந்தது எப்படி?

பழங்காலந்தொட்டு நம் நாட்டில் தோல் பதனிடப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஆகும். இவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்துடன் சேர்ந்து அதை அழுகாமல் காக்கிறது. இம்முறையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். 1858-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் க்னாப் உலோக உப்புகளைக் கொண்டும் தோலைப் பதனிடலாம் என்று காட்டினார். 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோமிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் அதை எளிதாக்கினார். வாரக்கணக்கு நாள் கணக்காகச் சுருங்கியது. குரோம் தோல் வெந்நீருக்கும் அஞ்சாது. நனைந்து நனைந்து உலர்ந்தாலும் கெடாது.

இந்த முறையைச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கி வைத்தவரும் அவரே. 1903-ஆம் ஆண்டு வாக்கில் அரசின் செலவில் அவர் குரோம் தோல் சோதனைகளைத் தொடங்கினார். அப்போது அவர் கருத்தில் இருந்த பயன்களுள் ஒன்று நம் உழவர்களின் கவலைச் சால். கிணற்று நீரை மாடுகட்டி இறைக்கும் கவலையின் தோற்பை எப்போதும் நீரில் நனைந்து விரைவில் இற்றுவிடும். குரோம் தோலாக இருந்தால் நெடுநாள் உழைக்கும் என்பது அவர் எண்ணம். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்காக வந்த ஒரு பொருள், பின்னாளில் கிணற்று நீரையே கெடுக்கும் பொருளாயிற்று என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க இயலாது.

1910-களில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அதைச் சுற்றி எழுந்த பேட்டைதான் குரோம்பேட்டை. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. சேம்பர்ஸ் காலனி என்ற பெயரும் அங்கே இருக்கிறது.

எனினும், தமிழ்நாட்டில் குரோம் முறை பெருகியது அந்தக் காலத்தில் அன்று. 1970-கள் வரை ஆவாரம்பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோலே நம் முக்கிய ஏற்றுமதியாக இருந்தது. 1972-இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைகுறைத் தோலையும் விற்பதை விட்டு முடிவுற்ற தோலையும் காலணிகளையும் விற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடுவண் அரசு அதை ஏற்றது. அந்நியச் செலாவணி பெருகியது. வேலை வாய்ப்பும் பெருகியது. கூடவே குரோமிய உப்பின் செலவும் பெருகியது. அரசின் கொள்கை நல்லதே. அதனுடன் கழிவு நீரைப் பற்றிய ஏற்பாடு எதுவும் வரவில்லை என்பதுதான் குறை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1982-இல்தான்.

இரு முகம் கொண்ட உலோகம்

பதனிடும் உருளையில் இடும் குரோமிய உப்பு முழுவதையும் தோல் ஏற்றுக் கொள்வதில்லை. பழைய முறையில் பத்துப் பங்கில் ஆறு ஏழு பங்குதான் தோலில் ஏறும். மீதி, பச்சை நிற நீராக வெளியே வரும். இந்தப் பச்சை நீரிலுள்ளது மூவிணைதிறக் குரோமியம். இது நஞ்சு என்ற வகையில் அவ்வளவு கொடியதன்று. மண்ணில் எளிதில் படிந்துவிடும்.

ஆனால் குரோமியத்துக்கு மற்றொரு முகம் உண்டு. ஆறிணைதிறக் குரோமியம், அதாவது குரோமேட்டு, மஞ்சள் நிறமுடையது. நீரில் நன்கு கரைவது. நிலத்தடி நீருடன் நெடுந்தொலைவு ஓடக் கூடியது. புற்றுநோயை உண்டாக்க வல்லது. மூவிணைதிறக் குரோமியம் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகளால் சிறிது சிறிதாக ஆறிணைதிறக் குரோமியமாக மாறவும் கூடும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய விதி. இருபதினாயிரம் லிட்டர் நீரில் ஒரு கிராம்தான்!

குரோமேட்டின் கொடுமையை அறிய வேண்டுமானால் இராணிப்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே 1970-களின் நடுவில் தொடங்கிச் சுமார் இருபது ஆண்டுகள் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் தொழிற்சாலை, தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. அது மூடப்பட்ட போது விட்டுச் சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு மலை. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வழியும். 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நாட்டிய தீர்ப்பு அது. பாலாற்றுப் படுகைத் தோல் தொழிலைப் பற்றிய வழக்கே ஆயினும் அதன் வீச்சு பல்லாவரம் வரை எட்டியது. நாகல்கேணிப் பகுதித் தோல் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 1990-களில் உருவானதே. ஆயினும் அதற்கு முன் நிலத்தில் இறங்கியது இறங்கியதுதான். 2010-களின் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழக நிலவியலார் குரோம்பேட்டை வட்டாரக் கிணறுகளை ஆராய்ந்து, பல இடங்களில் குரோமியம் குடிநீர் அளவை மீறியிருக்கக் கண்டனர்.

இனி, கரியின் கதைக்கு வருவோம்.

மருந்துக் கடைக்காரரின் பழுப்புப் படிகம்

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு, பானை மேல் பானையாக அடுக்கி, மணலும் கரியும் இட்ட நீர் வடிகட்டியின் படம் நினைவிருக்கும். எங்கள் வகுப்பில் அதைப் படமாக வரைந்தோமே தவிர, யாரும் செய்து பார்த்ததில்லை! கரி எதைச் செய்கிறது என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கரி வாயுக்களை இழுத்துக் கொள்கிறது என்பதை 1773-இல் ஸ்வீடன் நாட்டு ஷீலேயும், சில ஆண்டுகளில் இத்தாலியரான ஃபொன்டானாவும் கண்டனர். கரைசல்களிலும் அது வேலை செய்யும் என்று கண்டவர் டோபியாஸ் லோவிட்ஸ். இவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரச மருந்தகத்தில் பணியாற்றியவர். 1785-இல் டார்ட்டாரிக் அமிலப் படிகங்களைச் செய்ய முயன்ற போது அவை பழுப்பேறி வந்தன. கரித்தூளைச் சேர்த்துப் பார்த்தார், பழுப்பு மறைந்தது. கெட்ட நாற்றம் வீசும் நீரையும் கரியால் திருத்தலாம் என்று பின்னர்க் காட்டினார். மாதக்கணக்கில் கடலில் செல்லும் கப்பல்களில் குடிநீர்ப் பீப்பாய்கள் நாறிய காலம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பண்பைச் சர்க்கரை ஆலைகள் பயன்படுத்திக் கொண்டன. அவர்கள் விரும்பியது எலும்புக் கரி. அதற்கு ஈடாகத் தாவரப் பொருளிலிருந்து கரி செய்ய முயன்றவர்களுள் வெற்றி பெற்றவர் ரஃபேல் ஆஸ்ட்ரெய்கோ. 1900, 1901-ஆம் ஆண்டுகளில் அவர் இரண்டு வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார். செந்தணலாகக் காய்ந்த கரியின் மீது நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்துவது ஒன்று. மூலப் பொருளை உலோகக் குளோரைடுகளுடன் கலந்து சுடுவது மற்றொன்று. இன்று உலகெங்கும் கிளர்வுற்ற கரி செய்யும் முறைகள் யாவும் இவ்விரண்டின் வழித்தோன்றல்களே.

கிளர்வூட்டும் போது நடப்பது என்ன? நீராவி கரியை அரித்து எண்ணற்ற நுண்துளைகளைத் தோண்டுகிறது. துளைக்குள் துளை, அதற்குள் துளை. நல்ல கிளர்வுற்ற கரி ஒரு கிராமுக்குள் அடங்கியிருக்கும் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவு. சென்னைப் புறநகரில் மனை வாங்கியவர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு சிட்டிகைக் கரிக்குள் நாலரை கிரவுண்டு நிலம்!

இந்தப் பரப்பின் மீது பொருள்கள் ஒட்டிக் கொள்வதைப் 'பரப்புக் கவர்ச்சி' என்கிறோம். கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவது வேறு, இது வேறு. பஞ்சில் நீர் உள்ளே எங்கும் பரவுகிறது. கரியில் பொருள் மேற்பரப்பில் மட்டுமே படிகிறது. இவ்வேறுபாட்டைச் சுட்டத் தனிச் சொல்லை 1881-இல் கெய்ஸர் என்பவர் புகுத்தினார். பரப்பில் எத்தனை இருக்கைகள் உண்டோ அத்தனை மூலக்கூறுகளே அமர முடியும் என்ற எண்ணத்திலிருந்து இர்விங் லாங்மூர் 1916-க்கும் 1918-க்கும் இடையில் ஒரு சமன்பாட்டை உருவாக்கினார். பேருந்தில் இருக்கை நிரம்பினால் ஏற இடமில்லை என்பது போல. நம் கல்லூரி மாணவர் கரியைப் பற்றி எழுதும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் லாங்மூர் தவறாமல் வருகிறார்.

1915-இல் முதல் உலகப் போரில் ஈப்ரே போர்முனையில் குளோரின் வாயு ஏவப்பட்டது. அதே ஆண்டில் ரஷ்யாவில் செலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை அமைத்தார். அமெரிக்காவில் 1918-இல் பீச் பழக் கொட்டைகளையும் தேங்காய்க் கொட்டாங்கச்சிகளையும் சேகரித்துத் தருமாறு பொதுமக்களை அரசு வேண்டியது. கெட்டியான ஓட்டிலிருந்து வரும் கரி வாயுக்களைப் பிடிப்பதில் தலைசிறந்தது என்று சோதனைகள் காட்டியிருந்தன. நாம் அடுப்பெரித்த கொட்டாங்கச்சி (தெற்கே சிரட்டை என்பார்கள்) அன்றைக்குப் போர்ப் பொருளாயிற்று. வேளாண் கழிவு என்று தூக்கி எறியப்பட்டது உயர்ந்த விலைக்குரிய கரியாக முடியும் என்பதை உலகம் முதன்முதலாகப் பெரிய அளவில் கற்றது அப்போதுதான். இன்று கொட்டாங்கச்சிக் கரி இலங்கையிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் உலகெங்கும் செல்கிறது.

போருக்குப் பின் கரி குடிநீர் நிலையங்களுக்குள் நுழைந்தது. 1930 வாக்கில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நியூ மில்ஃபோர்டு நிலையத்தில் நீரின் சுவைக்கேட்டையும் நாற்றத்தையும் போக்கக் கரித்தூள் இடப்பட்டது. அதுவரை கரி எதிர்கொண்டவை எல்லாம் நிறம், நாற்றம், வாயு. உலோகத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலைப்பட வைத்தவை ஜப்பானின் இரு துயரங்கள். மினமாட்டாவில் பாதரசம், ஜின்ட்ஸு ஆற்றங்கரையில் காட்மியம். 1968-இல் ஜப்பானிய அரசு இவ்விரு நோய்களுக்கும் உலோக மாசே காரணம் என்று ஏற்றுக் கொண்டது. அதன் பின்னரே நீரிலுள்ள உலோக அயனிகளை அகற்றும் ஆராய்ச்சி வேகம் பெற்றது. 1970-களில் அமெரிக்காவில் ஹுவாங், வூ என்ற இருவர் கிளர்வுற்ற கரி குரோமேட்டைப் பிடிப்பதை விரிவாக ஆராய்ந்தனர்.

கரிக்கு உலோகம் பிடிக்காது

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரணக் கரி எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களையும் சாயங்களையும் விரும்பும், நீரை விரும்பாது. உலோக அயனியோ தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்திக் கொண்டு திரிவது. அதற்குக் கரியின் பக்கம் போக ஆசையில்லை. எனவே, சாயத்தைப் பிடிக்கும் நல்ல கரி உலோகத்தைப் பிடிக்காமல் விட்டுவிடலாம். பரப்பு எவ்வளவு அகன்றது என்பதைவிட, அந்தப் பரப்பில் என்ன முளைத்திருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

கரியை அமிலத்தாலோ ஆக்சிஜனேற்றியாலோ பதப்படுத்தினால் அதன் பரப்பில் ஆக்சிஜன் அடங்கிய தொகுதிகள் முளைக்கின்றன. அவற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துவிட்டு, நேர் மின்னூட்டமுள்ள செம்பு, நிக்கல், காட்மியம் போன்ற அயனிகளைக் கரி ஏற்றுக் கொள்கிறது. பண்டமாற்று என்றே சொல்லலாம். நீரில் அமிலம் மிகுந்திருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக் கொள்ளும். உலோகத்துக்கு இடம் கிடைக்காது. ஆகவே இந்த உலோகங்களைப் பிடிக்க நீர் நடுநிலைக்கு அருகே இருக்க வேண்டும்.

குரோமேட்டு இதற்கு நேர்மாறு. அது எதிர் மின்னூட்டம் கொண்டது. அமிலம் மிகுந்த நீரில் கரியின் பரப்பு நேர் மின்னூட்டம் பெறும் போதுதான் அது ஓடி வந்து ஒட்டும். அதோடு கரி, குரோமேட்டை மூவிணைதிறக் குரோமியமாகக் குறைக்கவும் செய்கிறது. நஞ்சின் பல்லைப் பிடுங்குவது போன்ற இச்செயலுக்கும் அமிலம் வேண்டும். எனவேதான் குரோமேட்டு ஆய்வுகள் பலவற்றில் பி.எச். மதிப்பு 2 என்ற புளிப்பில் சிறந்த பயன் கிடைத்ததாக எழுதப்பட்டிருக்கும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

உமி, கடலைத் தோல், நார்த்தூள்

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியான கட்டுரைகளுள் ஒன்று, 1988-இல் நாகபுரியிலிருந்து வெளிவந்த சுற்றுச்சூழல் நல இதழில் சீனிவாசன், பாலசுப்பிரமணியம், இராமகிருஷ்ணா ஆகிய மூவர் வெளியிட்டது. உமிக்கரி குரோமியத்தை அகற்றுவதை அது ஆராய்ந்தது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி மணலின் பொருளாகிய சிலிக்கா. இதனால் உமிக்கரி மற்றக் கரிகளிலிருந்து வேறுபட்டது. கரியும் சிலிக்காவும் பின்னிய கலவை அது. பாட்டிமார் உமிக்கரியால் பல் துலக்கியதும் இந்தச் சிலிக்காவின் சுரசுரப்பை நம்பித்தான் போலும்!

இதே காலத்தில் கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் இத்துறையையே தம் துறையாக்கிக் கொண்டனர். கோவை வட்டாரத்தில் அதற்கு இரு காரணங்கள் இருந்தன. மின்முலாம் பூசும் பட்டறைகளும் சாயப் பட்டறைகளும் கழிவு நீரைத் தந்தன. வயல்களும் தோப்புகளும் கழிவுப் பொருளைத் தந்தன. வாழைத் தண்டு, ஆரஞ்சுத் தோல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அவர்கள் சோதித்தனர். 1993, 1994-ஆம் ஆண்டுகளில் பெரியசாமியும் நமசிவாயமும் கடலைத் தோலிலிருந்து செய்த கரியைக் கொண்டு பாதரசத்தையும் காட்மியத்தையும் பிடித்துக் காட்டினர். கந்தக அமிலத்தால் கரியாக்கி, சோடியம் பைகார்பனேட்டால் பதப்படுத்திய அந்தக் கரி, கடையில் விற்ற கிளர்வுற்ற கரியைவிடப் பன்மடங்கு உலோகத்தை ஏற்றது. மேலே சொன்ன நுட்பத்துக்கு இது நல்ல சான்று. விலையுயர்ந்த கரி தோற்றது பரப்புக் குறைவால் அன்று. பரப்பில் வேண்டியது முளைக்காததால்.

அடுத்து வந்தது தென்னை நார்த்தூள். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் போது நார் ஒரு பங்கு என்றால் தூள் இரண்டு பங்கு விழும். பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரங்களில் அது சிறு குன்றுகளாகக் குவிந்து கிடந்த காலம் உண்டு. எளிதில் மட்காது, மழையில் பழுப்பு நீரை வடிக்கும். கதிர்வேலுவும் நமசிவாயமும் இதைக் கரியாக்கி, 1999-இல் பாதரசத்தைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். 2001-இல் கதிர்வேலு, தாமரைச்செல்வி, நமசிவாயம் மூவரும் ஒரு படி மேலே சென்றனர். ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கரைத்துச் செய்த செயற்கை நீரை விட்டுவிட்டு, ரேடியேட்டர் தொழிற்சாலையிலிருந்தும் நிக்கல், செம்பு முலாம் பட்டறைகளிலிருந்தும் உண்மையான கழிவு நீரைக் கொண்டு வந்து சோதித்தனர். கழிவு நீர் என்பது ஓர் உலோகம் மட்டும் நீந்தும் தூய குளமன்று. உப்பும் எண்ணெயும் சோப்பும் போட்டியிடும் சந்தை. அங்கே நார்த்தூள் கரி தன் வேலையைச் செய்தது என்பது குறிப்பிடத் தக்கது. அதே 2001-இல் தென்னை மரத்தூள் கரியால் குரோமேட்டை அகற்றும் ஆய்வும் கோவையிலிருந்து வந்தது.

சென்னையிலோ தோல் தொழிலுக்கென்றே 1948-இல் அமைந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. அங்கே சேகரனும் அவர் குழுவினரும் உமியைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கிளர்வூட்டி, சற்றுப் பெரிய துளைகளைக் கொண்ட கரியைச் செய்தனர். தோல் கழிவு நீரிலுள்ள பெரிய மூலக்கூறுகள் நுழைவதற்கு அத்தகைய துளைகள் வேண்டும். அக்கரியின் மீது நுண்ணுயிர்களைக் குடியேற்றிக் கழிவு நீரைத் தூய்மை செய்யும் முறையையும் அவர்கள் வளர்த்தனர்.

ஒரு சிறு கணக்கு

இத்தனை ஆய்வுகள் வந்தும், நாகல்கேணியில் உமிக்கரித் தொட்டி ஒன்றும் நிற்கக் காணோமே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையை ஒரு கணக்கில் பார்ப்போம்.

ஒரு கிராம் கரி 20 மில்லிகிராம் குரோமியத்தைப் பிடிக்கும் என்று வைத்துக் கொள்வோம். பதனிடும் உருளையிலிருந்து நேரே வரும் நீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குரோமியம் இருக்கக் கூடும். அப்படியானால் ஒரு லிட்டருக்கு 100 கிராம் கரி தேவை. 10,000 லிட்டருக்கு ஒரு டன்! எந்த முதலாளியும் இதற்கு இசைய மாட்டார், இசையவும் வேண்டாம். அந்த நீரில் மக்னீசியம் ஆக்சைடை இட்டால் குரோமியம் வீழ்படிவாகும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தலாம். தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. முதலில் செய்ய வேண்டியதும் இதுவே.

மாறாக, மற்றச் சுத்திகரிப்பெல்லாம் முடிந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் மட்டும் எஞ்சிய நீரை எடுத்துக் கொள்வோம். அதில் பத்து லட்சம் லிட்டருக்கு 2 கிலோகிராம் குரோமியம் இருக்கும். அதைப் பிடிக்க 100 கிலோகிராம் கரி போதும். நீர்த்த கரைசலில் கரியின் திறன் குறையும் என்பதால் உண்மையில் இதைப் போலச் சில மடங்கு வேண்டியிருக்கும். அப்படியும் அது கட்டுப்படியாகும் அளவுதான். ஆகவே கரிக்குரிய இடம் வரிசையின் கடைசியில். கட்டுரைகள் பலவற்றில் இந்த இடம் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை.

அடுத்த இடையூறு, நான் நினைவில் வைக்கச் சொன்ன புளிப்பு. பல்லாவரத்துக் கிணற்று நீர் எலுமிச்சைச் சாறு அன்று. பி.எச். 2-இல் கிடைத்த அழகான முடிவைக் கிணற்று நீரில் பெற வேண்டுமானால் அமிலத்தைக் கொட்டி நீரைப் புளிக்க வைத்து, பிறகு சுண்ணாம்பிட்டு நடுநிலையாக்க வேண்டும். உமி இலவசமாயிருக்கலாம், அமிலம் இலவசமன்று. சுண்ணாம்பிட்டால் உப்புப் பெருகும், சேறும் சேரும். எனக்குத் தெரிந்தவரை இத்துறையில் மாணவர்கள் செய்யும் ஆய்வுகளில் பாதிக்கு மேல் இந்தப் புளிப்பைத் தாண்டி வருவதில்லை. இயல்பான நீரில் கரி எவ்வளவு பிடித்தது என்ற எண், சிறிதாக இருந்தாலும், அதுவே மதிப்புள்ள எண்.

இலவசம் என்பதும் இப்போது ஐயத்துக்குரியதே. நார்த்தூளைக் கட்டிகளாக அமுக்கி, தோட்டப் பயிருக்கு மண்ணுக்கு மாற்றாக வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். சாலையோரக் குன்றுகள் கரைந்தன. உமி கொதிகலன்களுக்கு எரிபொருளாகிறது. கடலைத் தோலும் அப்படியே. 1990-களில் 'கழிவு' என்று எழுதப்பட்டவை சந்தைப் பொருள்களாகிவிட்டன. கொட்டாங்கச்சியைத் திறந்த குழியில் சுட்டுக் கரியாக்கும் இடங்களில் புகையும் தாரும் அக்கம்பக்கத்தாரை வருத்துவதும் உண்டு. நீரைத் தூய்மை செய்யும் கரியைச் செய்யக் காற்றையும் கிணற்றையும் கெடுத்தால் கணக்கு நேராகாது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, நிரம்பிய கரியை என்ன செய்வது என்பது. உலோகம் அழிந்துவிடவில்லை; நீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. செம்பு, நிக்கல், காட்மியம் ஆகியவற்றை அமிலத்தால் கழுவி மீட்கலாம். கரியை மீண்டும் பயன்படுத்தலாம். குரோமியம் எளிதில் விடாது. கரிதானே என்று அடுப்பிலிட்டால் அதைவிடப் பெரும் பிழை வேறில்லை. எரியும் போது, கரி பாடுபட்டு மூவிணைதிறமாக்கிய குரோமியம் சாம்பலில் மீண்டும் ஆறிணைதிறக் குரோமியமாகக் கூடும். எனவே அதைக் கும்மிடிப்பூண்டியில் தீங்குதரும் கழிவுகளுக்கென அமைத்துள்ள காப்புக் குழி போன்ற இடத்துக்கே அனுப்ப வேண்டும். அந்தச் செலவையும் கரியின் விலையோடு கூட்ட வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

கொட்டாங்கச்சிக் கரியைப் பொடித்து, நீரில் கழுவி உலர்த்துங்கள். ஒரு குவளை நீரில் இரண்டு சொட்டுப் பேனா மை விட்டுக் கரித்தூள் இரண்டு கரண்டி இட்டு அரைமணி நேரம் அவ்வப்போது கலக்குங்கள். பின் வடிதாளில் வடித்துப் பாருங்கள். நீலம் வெளுத்திருக்கும். லோவிட்ஸ் 1785-இல் கண்டது இதைப் போன்றதே. கரியின் அளவைப் பாதியாக்கியும், நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்து, ஒவ்வொரு முறையும் வடித்த நீரை வெள்ளைத் தாளின் முன் வைத்து ஒப்பிடுங்கள். கரியைக் கூட்டக் கூட்டப் பயன் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதைக் கண்ணால் காணலாம்.

உலோகத்துக்கு இந்தக் கண் போதாது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமேட்டு கலந்த நீரில் நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டைஃபினைல் கார்பசைடு என்னும் பொருளை அசிட்டோனில் கரைத்து வைத்திருப்பார்கள். சோதனை நீரில் சிறிது கந்தக அமிலம் சேர்த்து இதை விட்டால், குரோமேட்டு இருக்கும் இடத்தில் கத்தரிப்பூ நிறம் எழும். கரியில் வடிக்கு முன் ஒரு குழாயும், வடித்த பின் ஒரு குழாயும் வைத்து, ஆசிரியரின் துணையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நீரை உங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்துச் செல்லுங்கள்; அமிலம் சேர்த்துப் புளிக்க வைத்த நீரில் அன்று, அது வந்த நிலையிலேயே கரியைச் சோதியுங்கள். கிடைத்த எண்ணை, எவ்வளவு சிறிதாயினும், நாளும் இடமும் குறித்து ஏட்டில் எழுதி வையுங்கள்.